பிளேக் இங்க்: கிரீன்லாந்தைப் பிடிக்க வழி சொல்லுங்கள், அப்புறம் இந்த கேமில் எவ்வளவு உண்மை?

மொட்டைமாடி

பிளேக் இங்க் விளையாடுகிறவர்கள் இங்கே யாராவது இருப்பீர்கள் என்று நம்பிக் கேட்கிறேன். நாமே ஒரு கிருமியாக இருந்து, மருந்து கண்டுபிடிக்கும் முன்பே உலகம் முழுக்கத் தொற்றி எல்லாரையும் அழிக்க வேண்டிய போன் கேம் அது. பாக்டீரியாவை நார்மல் என்ற நடுத்தர நிலையில் முடித்தாகிவிட்டது. வைரஸை எடுத்துக்கொண்டு புரூட்டல் என்ற கடினமான நிலைக்குப் போனதிலிருந்து ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறேன். உலகப் படம் முழுக்கச் சிவந்துவிடும், கிரீன்லாந்தில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளிகூட விழாது, திடீரென்று அவர்கள் துறைமுகத்தை மூடிவிட்டார்கள் என்று செய்தி ஓடும், அதற்கப்புறம் மருந்து ஆராய்ச்சியைக் காட்டும் நீலக் கோடு நூறைத் தொடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நான் இந்தியாவில் தொடங்குகிறேன். மக்கள்தொகை அதிகம், விமானம், கப்பல் இரண்டும் உண்டு, சுற்றிலும் நில எல்லைகள் என்பதால். இது சரியான இடமா, இல்லை வேறெங்காவது தொடங்க வேண்டுமா?

இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். தங்கை நர்சிங் படிக்கிறாள். நான் விளையாடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு, "எந்தக் கிருமியும் இப்படி நடந்துகொள்ளாது, உலகம் பூராவும் சத்தமில்லாமல் பரவிவிட்டு ஒரே நாளில் எல்லாருக்கும் உறுப்புகள் செயலிழக்குமா?" என்று கேட்டாள். நான், இதை உருவாக்கிய ஜேம்ஸ் வாகனை 2013-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே அழைத்துப் பேச வைத்தது, ஒன்றுமில்லாமலா கூப்பிடுவார்கள் என்றேன். அவள் ஏற்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், எங்கள் இருவரில் யார் சொல்வது சரி?

பூஞ்சைப்பிரியன்

முதல் கேள்விக்கு நான் வருகிறேன், இரண்டாவதற்கு இங்கே என்னைவிடத் தகுதியான ஆட்கள் உண்டு.

இந்த கேமில் கிரீன்லாந்துக்கு விமான நிலையமும் இல்லை, நில எல்லையும் இல்லை. கப்பல் ஒன்றுதான் வழி. போதாததற்குக் குளிர் நாடு, மக்களும் கொஞ்சம் பேர்தான், அதனால் அங்கே போகும் கப்பல்களும் குறைவு. ஆகவே கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கண்டிப்பாகத் தோற்போம். ஆட்டம் தொடங்கும்போதே கிரீன்லாந்தை மனதில் வைத்துக்கொண்டுதான், கிருமியை மேம்படுத்தக் கிடைக்கும் டிஎன்ஏ புள்ளிகளைச் செலவழிக்க வேண்டும். இந்தியாவில் தொடங்குவதில் தப்பில்லை. ஆனால் இந்தியா வெப்ப நாடு என்பதால் உங்கள் வைரஸ் குளிரில் திணறும். எனவே முதல் டிஎன்ஏ புள்ளிகளை நீர்வழிப் பரவலிலும், அடுத்ததைக் காற்றுவழியிலும் போடுங்கள். பிறகு குளிர் எதிர்ப்பு இரண்டு படியையும் வாங்கிவிடுங்கள். நீர் இரண்டு, காற்று இரண்டு ஆகிவிட்டால் இரண்டும் சேர்ந்த அந்த மேல்படி திறக்கும், அதை எடுத்த பிறகு கப்பலும் விமானமும் தாமாக வேலை செய்யும். மருந்து எதிர்ப்பைப் பணக்கார நாடுகளுக்காகக் கொஞ்சம் பிந்தி வாங்கலாம். ஆட்டம் தொடங்கும் முன்பே கிருமிக்குக் கூடுதல் குணம் கொடுக்கும் ஜீன் தேர்வு உங்களுக்குத் திறந்திருந்தால் கப்பல் பயணத்துக்கு உதவும் அக்வாசைட்டை எடுத்துக்கொள்ளுங்கள், இந்தச் சிக்கலுக்கு அதைவிட நல்லது எதுவும் கிடையாது.

வைரஸில் வேறொரு தொல்லை இருக்கிறது. அது நாம் கேட்காமலே மாறிக்கொண்டே இருக்கும், இலவசமாக அறிகுறிகள் வந்து சேரும். இலவசம்தானே என்று விட்டுவிடக் கூடாது. அறிகுறி கூடக் கூட நோயின் தீவிரம் ஏறும், தீவிரம் ஏறினால் டாக்டர்கள் கண்ணில் படும், கண்ணில் பட்டால் ஆராய்ச்சி தொடங்கும், துறைமுகங்கள் மூடும். புரூட்டலில் டாக்டர்கள் வீட்டுக்கே போகமாட்டார்கள் என்று விளையாட்டின் ஆரம்பத்திலேயே எழுதியிருப்பார்கள், அதை மறக்கக் கூடாது. அதனால் ஒவ்வொரு மாற்றம் வரும்போதும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அறிகுறிப் பக்கத்தைப் பாருங்கள். இருமல், தும்மல் போன்றவை பரவலுக்கு உதவும், அதிகம் காட்டிக்கொடுக்காது, அவற்றை நான் பெரும்பாலும் விட்டுவைப்பேன். மற்றதை உடனே நீக்கிவிடுவேன். ஆனால் நீக்க நீக்க அதற்கான செலவும் ஏறும் என்பதால் கையில் எப்போதும் கொஞ்சம் புள்ளி வைத்திருக்க வேண்டும்.

ஆரோக்கியமானவர்கள் எண்ணிக்கை எல்லா நாட்டிலும் பூஜ்யம் ஆகும்வரை கொல்லும் அறிகுறி எதையும் தொடாதீர்கள். தொற்று அடைந்த நாடு என்று படம் காட்டினாலும் உள்ளே லட்சக்கணக்கானவர்கள் இன்னும் நலமாக இருப்பார்கள், அவசரப்பட்டால் அவர்கள் தப்பிவிடுவார்கள். பூஜ்யம் ஆன பிறகு சேர்த்து வைத்த எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இறக்கிவிடலாம். மருந்து வேகமாக வந்தால் மரபணுவைக் கலைத்துப்போடும் திறனுக்குக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள், அது ஆராய்ச்சியைப் பின்னுக்குத் தள்ளும்.

சிலர் கிரீன்லாந்திலேயே தொடங்கச் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, அங்கிருந்து வெளியே வருவதற்குள் பாதி நேரம் போய்விடும். இதற்கு முன்பு, 2008-இல் வந்த பேண்டமிக் 2 என்ற பிளாஷ் கேமில் மடகாஸ்கர் இதே தொந்தரவைக் கொடுத்தது. பிளேக் இங்க் உருவாக அந்த கேமும் ஒரு தூண்டுகோல்.

அகார் தட்டு

தம்பி, உங்கள் தங்கை சொல்வதுதான் சரி. ஆனால் நீங்கள் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. நான் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன், இந்த கேமையும் நிறைய விளையாடியிருக்கிறேன், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பூஞ்சைப்பிரியன் சொன்ன உத்தி, அதாவது சத்தமில்லாமல் பரப்பிவிட்டுக் கடைசியில் ஒரே அடியாகக் கொல்வது, கேமில் பலிப்பதற்குக் காரணம் ஒன்றுதான். நீங்கள் ஒரு அறிகுறியை வாங்கிய அந்த நொடியில் உலகத்தில் இருக்கும் எல்லாக் கிருமிகளுக்கும் அது வந்துவிடுகிறது. உண்மையில் மாற்றம் என்பது ஒரு நோயாளியின் உடம்பில் ஒரு கிருமியில் நடப்பது. அந்த மாறிய கிருமி மற்றவற்றோடு போட்டி போட்டு, ஆளுக்கு ஆள் தொற்றி, மெல்ல மெல்ல இடம்பிடிக்க வேண்டும். கோவிட்டில் டெல்டாவும் ஒமிக்ரானும் அப்படித்தான் வந்தன. ஏற்கனவே பழைய வகை தொற்றியிருந்தவர்களின் உடம்பில் இருந்த வைரஸ் திடீரென்று டெல்டாவாக மாறிவிடவில்லை, புதிய தொற்றுகளில் டெல்டாவின் பங்கு கூடிக்கொண்டே போனது. இந்த ஒரு விதியை எடுத்துவிட்டால் கேமில் ஜெயிக்கவே முடியாது.

அடுத்தது, இந்த கேமில் யாருக்கும் தானாகக் குணமாவது இல்லை. நலமாக இருப்பவர், தொற்றியவர், இறந்தவர், அவ்வளவுதான். மருந்து வந்தால்தான் மீட்சி. ஆனால் தொற்றுநோய்க் கணக்கின் அடிப்படையே குணமாகி எதிர்ப்பாற்றல் பெற்றவர்கள்தான். கெர்மக், மெக்கென்ட்ரிக் என்ற இருவர் 1927-இல் எழுதிய சமன்பாடுகளில் மக்களை மூன்றாகப் பிரித்தார்கள்: தொற்ற வாய்ப்புள்ளவர்கள், தொற்றியவர்கள், தொற்றிலிருந்து விலகியவர்கள். அந்த மூன்றாவது கூட்டம் பெருகப் பெருகக் கிருமிக்குப் புது ஆள் கிடைப்பது கஷ்டமாகிறது, எல்லாருக்கும் தொற்றுவதற்கு முன்பே பரவல் இறங்கத் தொடங்கிவிடுகிறது. நூற்றுக்கு நூறு பேர் தொற்றுவது கேமில் மட்டும்தான்.

இப்போது நீங்கள் சொன்ன பக்கத்துக்கு வருகிறேன். கேம் மிகச் சரியாகப் பிடித்திருக்கும் ஒரு விஷயம், கொடிய நோயைவிட மறைந்து பரவும் நோய்தான் உலகத்துக்குப் பெரிய ஆபத்து என்பது. 2018-இல் கோழிக்கோடு, மலப்புரம் பக்கம் வந்த நிபா, தொற்றியவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது. ஆனாலும் ஊர் தாண்டி ஊர் போகவில்லை. ஆளிடமிருந்து ஆளுக்கு எளிதில் பரவாத நோய், நோயாளிகளோடு பழகியவர்களைக் கேரள சுகாதாரத் துறை தேடிப்பிடித்துக் கண்காணிப்பில் வைத்தது, அதோடு அடங்கியது. 2003-இல் சார்ஸ் எட்டாயிரம் பேர் அளவில் தொற்றி 774 உயிர்களை எடுத்துக்கொண்டு அடங்கிவிட்டது. காய்ச்சல் வந்து சில நாள் கழித்துத்தான் அதில் அதிகம் பரவும், ஆகவே காய்ச்சல்காரர்களைத் தனிமைப்படுத்தினாலே பெரும்பகுதி வேலை முடிந்தது. அதன் உறவுக்கார வைரஸான கோவிட், அறிகுறி தெரியும் முன்பே பரவியது. வித்தியாசம் என்னவென்று நாம் எல்லாரும் பார்த்தோம். கேமில் தீவிரம் என்று ஒரு கோடும் பரவும் திறன் என்று ஒரு கோடும் தனித்தனியாக இருக்கிறதே, அதை நன்றாகப் புரிந்துகொண்டு விளையாடும் பையனுக்கு இந்த வித்தியாசத்தைத் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

கிருமி கொடியதாக இருப்பது கிருமிக்கே நல்லதா என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. அங்கே முயல்கள் பெருகிப் பயிரை அழித்ததால் 1950-இல் மிக்சோமா வைரஸை வேண்டுமென்றே பரப்பினார்கள். தொடக்கத்தில் தொற்றிய முயல்களில் 99 சதவீதத்துக்கு மேல் செத்தன. சில வருடங்களுக்குள் அதைவிட மெதுவாகக் கொல்லும் வகைகள் பெரும்பான்மையாகிவிட்டன. கொசுவும் தெள்ளும்தான் அதைப் பரப்புகின்றன, முயல் அதிக நாள் உயிரோடு இருந்தால்தான் கடித்துவிட்டு அடுத்த முயலுக்குப் போக முடியும். சீக்கிரம் கொல்லும் வகைக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. எல்லா நோயும் இப்படிச் சாதுவாகும் என்று மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரியம்மை பல நூற்றாண்டுகள் மனிதர்களைக் கொன்றுகொண்டேதான் இருந்தது, தடுப்பூசியால்தான் ஒழிந்தது, 1980-இல் உலக சுகாதார நிறுவனம் அதை அறிவித்தது.

மடகாஸ்கர் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்டில் நிஜ பிளேக் நோய் கிட்டத்தட்ட ஆண்டுதோறும் வருகிறது. 2017-இல் நுரையீரல் பிளேக்காகப் பெரிய அளவில் வந்து இருநூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண ஆன்டிபயாட்டிக்கிலேயே குணமாகும் நோய் அது. ஏழை கிராமத்துக்கு அது நேரத்தில் போய்ச் சேராததுதான் பிரச்சினை. கேமில் மருந்து நூறு சதவீதம் என்று வந்தால் உலகம் பிழைத்துவிடும். 2020 டிசம்பரில் பிரிட்டனில் கோவிட் தடுப்பூசி போடத் தொடங்கிவிட்டார்கள், ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் செவிலியர்களுக்கே அதற்குப் பல மாதம் கழித்துத்தான் கிடைத்தது. அந்த இடைவெளிக்கு இந்த கேமில் ஒரு கோடு கிடையாது, இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வழிப்போக்கன்

கிரீன்லாந்து துறைமுகத்தை மூடுவதைப் படித்ததும் எனக்கு சமோவா நினைவுக்கு வந்தது. 1918 இன்ஃபுளுவென்சா சமயத்தில் அந்தத் தீவுக்கூட்டம் இரண்டு ஆட்சிகளின் கீழ் இருந்தது. கிழக்குப் பகுதி அமெரிக்கக் கடற்படையின் கையில், மேற்குப் பகுதி நியூசிலாந்து ராணுவத்தின் கையில். நவம்பர் 7 அன்று ஆக்லாந்திலிருந்து தலூன் என்ற கப்பல் மேற்கு சமோவாவின் அப்பியா துறைமுகத்துக்கு வந்தது. அதில் காய்ச்சல்காரர்கள் இருந்தார்கள். தனிமைப்படுத்தாமல் இறங்க விட்டார்கள். சில வாரங்களுக்குள் அங்கே மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. பக்கத்திலேயே இருந்த அமெரிக்க சமோவாவில் ஆளுநர் ஜான் போயர் கப்பல்களை நிறுத்தி வைத்தார், அங்கே அந்த நோயால் ஒருவர்கூட இறக்கவில்லை. 2002-இல் நியூசிலாந்து பிரதமர் ஹெலன் கிளார்க் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். அதே மேற்குப் பகுதியில், அதாவது இன்றைய சமோவா நாட்டில், 2019-இல் தட்டம்மை வந்து 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், தடுப்பூசி போடுவது அதற்கு முன்பு மிகவும் குறைந்து போயிருந்தது.

ஆக, தீவு துறைமுகத்தை மூடினால் தப்பிக்கும் என்பதை கேம் கற்பனையாகச் சொல்லவில்லை.

அகார் தட்டு அக்கா விட்டுவிட்ட ஒன்றை நான் சேர்க்கிறேன்: மனிதர்களின் நடத்தை. பிளேக் இங்க்கில் மக்கள் வெறும் எண்கள். 2005 செப்டம்பரில் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் ஆன்லைன் கேமில் நடந்ததைப் பாருங்கள். ஒரு தனிப் பகுதிக்குள் மட்டும் இருக்க வேண்டிய, ஆளுக்கு ஆள் தொற்றும் ரத்தச் சாபம், ஆட்டக்காரர்களின் வளர்ப்புப் பிராணிகள் வழியாக நகரங்களுக்குள் வந்துவிட்டது. பலம் குறைந்தவர்கள் உடனே விழுந்தார்கள். சிலர் நோயாளிகளைக் குணமாக்க ஓடினார்கள், சிலர் ஊரை விட்டு ஓடினார்கள், சிலர் வேண்டுமென்றே கூட்டத்துக்குள் போய்ப் பரப்பினார்கள், சிலர் சும்மா வேடிக்கை பார்க்க வந்து தொற்றிக்கொண்டார்கள். யாரும் திட்டமிடாமல் நடந்தது. தொற்றுநோய் ஆய்வாளர்கள் லோஃப்கிரென், ஃபெஃபர்மன் இருவரும் 2007-இல் லான்செட் குழும ஆய்விதழ் ஒன்றில் இதைப் பற்றியே எழுதினார்கள். ஆளுக்கு ஆள் மாறும் இந்த நடத்தையைச் சமன்பாட்டில் கொண்டுவருவது கடினம், கேம்கள் அதற்கு உதவலாம் என்பது அவர்கள் வாதம். கோவிட் வந்தபோது இந்த நான்கு வகை ஆட்களையும் நம் தெருவிலேயே பார்த்தோம்.

தென்றல்77

எல்லாரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2021 மே மாதம் என் சித்தப்பா போனார். அதற்கு முன்பு நான் இந்த கேமை ரசித்து விளையாடியவள். அதன் பிறகு போனில் அந்தச் சிவப்புக் குமிழியைத் தட்ட விரல் வரவில்லை, அழித்துவிட்டேன். ஒரு நாட்டில் பத்து லட்சம் இறப்பு என்று மேலே ஓடும்போது அதை வெற்றியாகப் பார்க்க என்னால் முடியாது. விளையாடுகிறவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் 2020 ஜனவரியில் சீனாவில் நோய் பரவிக்கொண்டிருந்தபோது இதே கேம் அங்கே ஆப் ஸ்டோரில் முதலிடத்துக்குப் போனது என்று படித்தபோது கோபம்தான் வந்தது. ஒரு மாதத்தில் அங்கே தடை செய்துவிட்டார்கள். இத்தனை பேர் செத்த ஒன்றை வைத்து இன்னும் விளையாட வேண்டுமா?

அகார் தட்டு

தென்றல், உங்கள் சித்தப்பாவுக்காக வருந்துகிறேன். நீங்கள் அழித்தது சரியான முடிவுதான், மனம் ஒப்பாததை விளையாட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

சீனா விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு எண்ணம். அந்த நாட்களில் அதைத் தரவிறக்கியவர்களில் பெரும்பாலோர் கேலிக்காகச் செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. என்ன நடக்கிறது என்று யாரும் தெளிவாகச் சொல்லாத நேரம், பயந்தவர்கள் கையில் கிடைத்ததை வைத்துப் புரிந்துகொள்ளப் பார்த்தார்கள். கேம் உருவாக்கியவர்களே அப்போது, இது விளையாட்டு, அறிவியல் மாதிரி அல்ல, சுகாதார அமைப்புகள் சொல்வதைக் கேளுங்கள் என்று அறிக்கை விட்டார்கள். அதை நேர்மையான அறிக்கையாகத்தான் பார்க்கிறேன். அந்த மார்ச்சில் கோவிட் எதிர்ப்புப் பணிக்காக இரண்டரை லட்சம் டாலரும் கொடுத்தார்கள்.

பூஞ்சைப்பிரியன்

தென்றல், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு உடனே பதில் போட மனம் வரவில்லை. உங்களுக்கு என்றாவது தோன்றினால், 2020 நவம்பரில் அவர்கள் வெளியிட்ட 'தி க்யூர்' என்ற பகுதியை மட்டும் பாருங்கள். அதில் நாம் கிருமி இல்லை, அதைத் தடுக்கிறவர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனையோடு செய்தது. தொற்றைத் தேடிக் கண்டுபிடிப்பது, தொடர்பில் இருந்தவர்களைத் தேடுவது, எல்லையை மூடுவது, ஆஸ்பத்திரி வசதியைக் கூட்டுவது, தடுப்பூசியை ஆராய்ச்சியிலிருந்து உற்பத்திவரை கொண்டுபோவது எல்லாம் நம் பொறுப்பு.

வழிப்போக்கன் சொன்ன மனித நடத்தையும் இதில் ஓரளவு வந்துவிட்டது. ஊரடங்கை ஒரேயடியாகப் போட்டால் மக்கள் பொறுமை இழந்து விதியை மீறத் தொடங்குவார்கள். வேலை இழந்தவர்களுக்குப் பண உதவி கொடுத்தால் அந்த எதிர்ப்பு குறையும். அதிகாரத்தின் மீதான நம்பிக்கைக்கு ஒரு கோடு இருக்கிறது, இறப்பு கூடினாலும் அது இறங்கும், தேவையில்லாமல் கெடுபிடி செய்தாலும் இறங்கும், பூஜ்யம் ஆனால் ஆட்டம் முடிந்தது. பழைய ஆட்டத்தில் நான் காத்திருந்து ஜெயிப்பேன், இதில் காத்திருந்தால் தோற்றுவிடுவோம். எனக்குக் கிருமியாக விளையாடுவதைவிட இதுதான் கடினமாக இருந்தது, இதுதான் நல்ல கேம் என்றும் சொல்வேன்.

மொட்டைமாடி

எல்லாருக்கும் நன்றி. தங்கையிடம் அகார் தட்டு அக்காவின் பதிலைக் காட்டினேன், மிக்சோமா பற்றி அவளுக்கும் புதுசாம், இரவெல்லாம் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். தென்றல் அக்கா, நீங்கள் எழுதியதை நாங்கள் இருவரும் படித்தோம். நான் கேட்ட விதம் உங்களைப் புண்படுத்தவில்லை என்று நம்புகிறேன்.

நீர்வழியும் குளிர் எதிர்ப்பும் முதலில் என்ற யோசனை வேலை செய்தது, கிரீன்லாந்து இந்த முறை சீக்கிரமே தொற்றிவிட்டது. ஆனால் ஆட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டு 'தி க்யூர்' பக்கம் போனேன். அதில் ஒரு சந்தேகம். முதல் தொற்று எங்கே என்று தெரியும் முன்பே எல்லைகளை மூடிவிடலாமா, இல்லை கண்டுபிடிக்கும் வேலைக்கு முதலில் செலவழிக்க வேண்டுமா?

பூஞ்சைப்பிரியன்

கண்டுபிடிக்கும் வேலைதான் முதலில். எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எல்லையை மூடினால் நம்பிக்கைக் கோடு வீணாக இறங்கும், நோயோ ஏற்கனவே உள்ளே இருக்கும். ஆய்வுக் குழுவை முதலில் தெரிந்த நாட்டுக்கு அனுப்பிவிட்டு, தொடர்பு தேடுதலை உடனே வாங்குங்கள். எண்ணிக்கை குறைவாக இருக்கும்வரைதான் அது பலமாக வேலை செய்யும். பாக்டீரியாவில் பழகிவிட்டு வைரஸுக்குப் போங்கள்.

அகார் தட்டு

நிபாவில் கேரளத்தில் செய்ததும் இதுதான், தங்கையிடம் சொல்லுங்கள். அவள் படிப்பில் சமூக சுகாதாரச் செவிலியம் என்று ஒரு பாடம் வரும், அதில் தொடர்பு தேடுதல் பற்றிய பகுதியைப் படித்துவிட்டு உங்களோடு உட்கார்ந்து விளையாடச் சொல்லுங்கள்.